சொடுக்கிய இணைப்பு எது?

கல்லூரி நூலகத்தில் அமர்ந்து நீங்கள் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தின் அடியில் ஓர் அடிக்குறிப்பு. அதில் வேறொரு நூலின் பெயர். ஆவல் பிறக்கிறது. எழுந்து சென்று நூலகரிடம் அந்த நூலைக் கேட்டு வாங்குகிறீர்கள். நீங்கள் எந்த நூலைக் கேட்டீர்கள் என்பது நூலகருக்குத் தெரியும்; பதிவேட்டிலும் எழுதிவிடுவார். ஆனால் எந்த அடிக்குறிப்பு உங்களை இருக்கையிலிருந்து எழுப்பியது என்பது அவருக்குத் தெரியுமா? தெரியாது. அது உங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. பக்கத்துக்கோ வாய் கிடையாது.

இணையம் பிறந்தபோது அதன் நிலையும் இதுவாகவே இருந்தது. ஒரு பக்கத்தில் இருபது இணைப்புகள் இருக்கலாம். அவற்றுள் எதை வாசகர் சொடுக்கினார் என்பதை அந்தப் பக்கத்தை எழுதியவர் அறிய வழியே இல்லை. இன்றோ நிலைமை தலைகீழ். எந்த இணைப்பை, எந்த நொடியில், திரையின் எந்த இடத்தில் சொடுக்கினோம் என்பதெல்லாம் பதிவாகிவிடுகின்றன. வாயில்லாப் பக்கத்துக்கு வாய் வந்தது எப்படி? வாயைக் கொடுத்தவர்கள் யார்? அதனால் நமக்கு நன்மையா, தீமையா? இவற்றையே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

மரக்கட்டைக்குள் இரு சக்கரங்கள்

சொடுக்கின் கதையைச் சுட்டியிலிருந்து தொடங்குவதுதான் முறை. மவுஸ் என்று எல்லோரும் சொல்லும் இந்தச் சிறு கருவியின் கருத்தை உருவாக்கியவர் டக்ளஸ் எங்கல்பர்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பணியாற்றியபோது, அவருடைய சகா பில் இங்கிலீஷ் 1964-இல் முதல் மாதிரியைச் செய்து முடித்தார். அது ஒரு மரக்கட்டை. அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். மேலே ஒரே ஒரு பொத்தான்.

இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கிவிடும். எந்தத் திசையில் கட்டையை நகர்த்தினாலும் அந்த நகர்ச்சியை இரண்டு செங்குத்துக் கூறுகளாகப் பிரிக்கலாம் அல்லவா? ஒரு சக்கரம் கிடைக் கூறையும் மற்றது நெடுக்கைக் கூறையும் அளந்தன. திசையன் கணிதம் மேசைமேல் உருண்டு ஓடியது! 1970 நவம்பர் 17 அன்று இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அதற்கு முன்பே, 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த மாநாட்டில் எங்கல்பர்ட் தம் கருவிகளை எல்லோர் முன்னிலையிலும் இயக்கிக் காட்டினார். திரையில் ஓரிடத்தைச் சுட்டிப் பொத்தானை அழுத்தியதும் அதோடு தொடர்புடைய வேறொரு பகுதி திரையில் தோன்றியது. இன்று நமக்குச் சர்வசாதாரணமாகிவிட்ட செயல், அன்று பார்த்தவர்களை வியப்பில் ஆழ்த்தியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தும்போது உண்மையில் நடப்பது என்ன? ஒரு மின்சுற்று மூடுகிறது, அவ்வளவுதான். 'இன்ன இடத்தில் பொத்தான் அழுத்தப்பட்டது' என்ற செய்தி மட்டுமே கணிப்பொறிக்குப் போகிறது. அந்த இடத்தில் இருப்பது இணைப்பா, படமா, வெற்றிடமா என்பதைச் சுட்டி அறியாது. திரையை வரைந்த நிரல்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே எது சொடுக்கப்பட்டது என்ற அறிவு முதன்முதலில் பிறப்பது வாசகரின் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்குள்தான். இதை மறந்துவிடாதீர்கள், கதை முழுவதும் இதைச் சுற்றியே சுழலப் போகிறது.

ஒருவழிப் பாதை

ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குத் தாவும் எழுத்துக்கு 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்று பெயரிட்டவர் டெட் நெல்சன். 1965-இல் இச்சொல்லை அவர் அச்சில் ஏற்றினார். இணைப்பு இருவழியாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அ என்ற பக்கம் ஆ என்ற பக்கத்தைச் சுட்டினால், ஆ-வுக்கும் அது தெரிய வேண்டும் என்றார் அவர். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் உலகெங்கும் பரந்த ஏற்பாட்டில் இதைச் செயல்படுத்துவது மலையைப் புரட்டும் வேலை.

ஜெனீவா நகருக்கு அருகே உள்ள செர்ன் என்ற அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ வேறு வழியில் சென்றார். 1989 மார்ச்சில் தம் திட்டத்தை எழுதிக் கொடுத்த அவர், 1990 முடிவதற்குள் முதல் உலாவியையும் முதல் சர்வரையும் இயங்கச் செய்துவிட்டார். பிரவுசர் என்று வழங்கும் உலாவி, வாசகரின் கணிப்பொறியில் இருந்து பக்கங்களைக் காட்டும் நிரல். சர்வர் என்பது பக்கங்களைச் சேமித்து வைத்துக் கேட்டவருக்குக் கொடுக்கும் கணிப்பொறி. நம் உவமையில் நூலகர்.

பெர்னர்ஸ்-லீயின் இணைப்பு ஒருவழிப் பாதை. யாரும் யாருடைய பக்கத்தையும் அனுமதி கேட்காமலே சுட்டலாம், சுட்டப்பட்டவருக்குச் சொல்லவேண்டியதில்லை. இந்த எளிமையே இணையத்தைக் காட்டுத்தீ போலப் பரவச் செய்தது எனலாம். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இதன் நிரல்களைக் கட்டணமின்றிப் பொதுவுடைமையாக்கியதும் வேகம் இன்னும் கூடியது.

ஆனால் எளிமைக்கு ஒரு விலை உண்டு. வாசகர் ஓர் இணைப்பைச் சொடுக்கினால் உலாவி பழைய பக்கத்தை விட்டுவிட்டுப் புதிய பக்கத்தைக் கேட்கப் போய்விடுகிறது. பழைய பக்கம் இருந்த சர்வருக்குச் சேதியே இல்லை. விருந்தாளி வந்தது தெரியும். எந்த வாசல் வழியே போனார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது!

நூலகரின் பதிவேடு

சர்வர்களுக்கு ஒரு பதிவேடு உண்டு. எந்தக் கணிப்பொறியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்று வரிவரியாக அதில் பதிவாகும். சொடுக்கை அறிய விரும்பியவர்கள் முதலில் இந்தப் பதிவேட்டையே புரட்டினார்கள்.

இதற்குத் துணையாக ஓர் ஏற்பாடும் வந்தது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, தான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். 'ரெஃபரர்' என்பது இதன் பெயர். ஆங்கிலத்தில் இச்சொல்லை எழுதியபோது ஓர் எழுத்து விடுபட்டுவிட்டது. 1996 மே மாதம் வெளியான விதித்தொகுப்பிலும் அந்தப் பிழை அப்படியே ஏறியது. உலகத்துச் சர்வர்கள் எல்லாம் அந்தப் பிழையான வடிவத்தையே இன்றும் பயன்படுத்துகின்றன. ஒருமுறை ஊர்ப்பெயராகிவிட்டால் இலக்கணப் பிழையை யார் திருத்துவது?

ஆனால் இது பாதிக் கிணறு தாண்டிய கதை. வந்த பக்கம் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் எந்த இணைப்பு என்பது தெரியவில்லை. ஒரே நூலைச் சுட்டும் அடிக்குறிப்புகள் ஒரே பக்கத்தில் மூன்று இருந்தால், எது வாசகரை ஈர்த்தது? மேலும், இந்தச் செய்தி போய்ச் சேருவது புதிய பக்கத்தின் சர்வருக்கு; பழைய பக்கத்துக்காரருக்கு அல்ல.

படங்களில் மட்டும் வேறொரு வசதி இருந்தது. ஒரு வரைபடத்தை இணைப்பாக்கி அதற்குரிய குறியையும் சேர்த்துவிட்டால், படத்தின்மேல் சொடுக்கிய புள்ளியின் இரண்டு ஆயத்தொலைவுகளையும் உலாவி சர்வருக்கு அனுப்பிவைக்கும். 1995 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 விதிகளில் இதற்கு இடம் உண்டு. எங்கல்பர்ட்டின் இரு சக்கரங்கள் அளந்த அதே இரண்டு எண்கள் கடல் கடந்து போயின. ஆனால் எழுத்தால் ஆன இணைப்புகளுக்கு இவ்வழி உதவாது.

இதற்கிடையில் வாணிபம் நுழைந்தது. 1994 அக்டோபர் 27 அன்று 'ஹாட்வயர்டு' என்ற இணைய இதழ் தன் பக்கங்களில் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. விளம்பரம் கொடுத்தவர் கேட்கும் முதல் கேள்வி என்ன? 'எத்தனை பேர் சொடுக்கினார்கள்?' என்பதுதானே! பின்னர் 1998-இல் 'கோடு' என்ற தேடுதளம், ஒவ்வொரு சொடுக்குக்கும் இவ்வளவு என்று விளம்பரதாரரிடம் காசு வாங்கத் தொடங்கியது. 2002-இல் கூகுள் நிறுவனமும் அம்முறைக்கு வந்தது. சொடுக்கு ஒரு நாணயமாகிவிட்டது. நாணயத்தை எண்ணாமல் விடுவார்களா?

எண்ணுவதற்கு ஒரு சுற்றுவழி கண்டார்கள். இணைப்பு நேராகப் போக வேண்டிய இடத்தைச் சுட்டாது. முதலில் எண்ணும் நிரல் ஒன்றைச் சுட்டும். அந்த நிரல் குறித்துக்கொண்டு, 'நீ தேடும் பக்கம் அங்கே இருக்கிறது, போ' என்று உலாவியைத் திருப்பிவிடும். இத்திருப்பத்துக்கு உரிய குறியெண் 302. சுங்கச்சாவடியைக் கடந்து போவதுபோல் வாசகர் அதைக் கடந்து போவார். பல வேளைகளில் சாவடி இருந்ததே அவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு பயணம் கூடுதல். சாவடி பழுதானால் பாதையே அடைபட்டுவிடும்.

பத்து நாளில் பிறந்த மொழி

நூலகரைக் கேட்டுப் பயனில்லை. புத்தகத்துக்கே சிறிது அறிவு புகட்டினால் என்ன? இந்த எண்ணம் நிறைவேறும் காலம் 1995-இல் வந்தது.

நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் அவ்வாண்டு சேர்ந்த பிரெண்டன் ஐக் என்ற இளைஞர், மே மாதத்தில் பத்தே நாட்களில் ஒரு சிறு கணிமொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். முதலில் அதன் பெயர் மோக்கா; பிறகு லைவ்ஸ்கிரிப்ட். 1995 டிசம்பர் 4 அன்று, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அறிவித்தபோது ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரைப் பெற்றது. அப்போது புகழ்பெற்றுவந்த ஜாவா மொழியின் பெயரை ஒட்டி வைத்தார்களே தவிர, இரண்டும் வெவ்வேறு மொழிகள்.

இம்மொழியின் சிறப்பு யாது? பக்கத்தில் இதைக்கொண்டு எழுதிய கட்டளைகள் சர்வரில் இயங்குவதில்லை. பக்கத்தோடு சேர்ந்து பயணம் செய்து வாசகரின் கணிப்பொறிக்குள் வந்து இயங்குகின்றன. அக்காலத்தில் இணையம் பெரும்பாலும் தொலைபேசிக் கம்பி வழியே ஊர்ந்துவந்தது. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தால்கூட அது சர்வர் வரை போய்த் திரும்பிய பிறகே பிழை தெரியும். வாசகரின் மேசையிலேயே பிழையைச் சொல்லிவிடுவது இப்புதிய மொழிக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று. வேவு பார்ப்பதற்காக அது பிறக்கவில்லை.

ஆயினும் ஒரு கதவு திறந்துவிட்டது. 1996 தொடக்கத்தில் வெளிவந்த நெட்ஸ்கேப் 2.0 உலாவியில், இணைப்பின் அருகே 'ஆன்கிளிக்' என்ற சொல்லை எழுதி, சொடுக்கியதும் செய்ய வேண்டியதைக் கட்டளையாக இட முடிந்தது. பக்கத்திலுள்ள இணைப்புகளை எல்லாம் 0, 1, 2 என்று வரிசை எண்ணிட்டு உலாவியே வைத்துக்கொண்டது. எது சொடுக்கப்பட்டது என்ற அறிவு பிறக்கும் இடம் வாசகரின் கணிப்பொறி என்று முன்னர் சொன்னோம் அல்லவா? இப்போது பக்கத்தை எழுதியவரின் ஆள் ஒருவர் அவ்விடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்!

மேலிருந்து கீழா? கீழிருந்து மேலா?

நூறு இணைப்புகள் இருந்தால் நூறு கட்டளைகள் எழுத வேண்டும். ஒன்றில் மறந்தால் அது கணக்கில் வராது. புதிதாக ஓர் இணைப்பைச் சேர்த்தால் அதற்கும் தனியே எழுத வேண்டும். ஒரே இடத்தில் நின்று எல்லாச் சொடுக்குகளையும் பிடிக்க வழி உண்டா?

பக்கத்தின் அமைப்பை ஒரு வீடாக எண்ணிப் பாருங்கள். வெளியே மதில், உள்ளே முற்றம், அதனுள் கூடம், கூடத்துக்குள் அறை. இணையப் பக்கமும் அப்படித்தான். பக்கத்துக்குள் பத்தி, பத்திக்குள் இணைப்பு, இணைப்புக்குள் ஒரு படமோ தடித்த எழுத்தோ இருக்கலாம். அறைக்குள் ஒரு நிகழ்ச்சி நடந்தால் அது யாருக்கு முதலில் தெரிய வேண்டும்? மதிற்காவலனுக்கா, அறையில் இருப்பவனுக்கா?

1997-இல் இரண்டு நிறுவனங்கள் இரண்டு விடைகள் தந்தன. நெட்ஸ்கேப் 4 உலாவியில் செய்தி மதிலில் புகுந்து படிப்படியாக உள்ளே இறங்கியது. இதைப் 'பிடித்தல்' என்றார்கள். மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 உலாவியில் செய்தி அறையில் பிறந்து, நீரடியிலிருந்து எழும் காற்றுக்குமிழி போல மேலே மேலே வந்தது. இதைக் 'குமிழ்த்தல்' என்றார்கள். பக்கம் எழுதுவோர் பாடு திண்டாட்டமாயிற்று. ஒரே வேலையை இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ-3 கூட்டமைப்பு 2000 நவம்பர் 13 அன்று வெளியிட்ட விதிகளில் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. செய்தி முதலில் மேலிருந்து கீழே இறங்கும், இலக்கைத் தொடும், பிறகு கீழிருந்து மேலே எழும். எந்தக் கட்டத்தில் கேட்க விருப்பமோ அதில் கேட்டுக்கொள்ளலாம். இந்த முறையை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஏற்றது 2011-இல் வந்த 9-ஆம் பதிப்பில்தான். ஒரு விதி ஏட்டிலிருந்து எல்லோர் கைக்கும் வந்து சேரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது!

இப்போது நூறு கட்டளைகள் வேண்டாம். மதிலில் ஒரே ஒரு காவலனை நிறுத்தினால் போதும். எந்தச் சொடுக்கும் அவனைக் கடந்துதான் போக வேண்டும். சொடுக்கு எந்த உறுப்பில் விழுந்தது என்பதைச் செய்தியோடு இணைந்துவரும் 'இலக்கு' என்ற குறிப்பு சொல்லிவிடும். இலக்கு, இணைப்புக்குள் இருக்கும் படமாக இருந்தால்? அதிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறி, முதலில் எதிர்ப்படும் இணைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த இணைப்பின் முகவரி, அதன் எழுத்து, பக்கத்தில் அதன் வரிசை எண் எல்லாம் கைக்கு வந்துவிடும். பக்கம் திறந்த பிறகு புதிதாக முளைத்த இணைப்புகளும் இதில் தப்புவதில்லை. நம் தலைப்புக் கேள்விக்குத் தொழில்நுட்பம் தந்த முழுமையான விடை இதுவே.

போகிற அவசரத்தில் ஒரு சேதி

பிடித்தாகிவிட்டது, அதைச் சர்வருக்கு அனுப்ப வேண்டாமா? இங்கே ஓர் இடையூறு. வாசகர் இணைப்பைச் சொடுக்கியதுமே உலாவி பழைய பக்கத்தை மூடத் தொடங்குகிறது. பக்கம் மூடினால் அதனுள் இயங்கிய கட்டளைகளும் மடிந்துவிடும். பாதி வழியில் இருக்கும் சேதி அறுந்துபோகும். வீடு காலியாகும் நேரத்தில் கடிதம் எழுதுவதுபோல!

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தைச் சர்வரிடம் கேட்பதுபோல் பாவனை செய்து, அந்த முகவரியிலேயே செய்தியை ஒட்டி அனுப்பினார்கள். சேதி போய்ச் சேரும்வரை வாசகரைச் சிறிது நேரம் வேண்டுமென்றே தடுத்துவைத்தவர்களும் உண்டு. ஒரு விநாடியின் சிறு பகுதிதான்; ஆனாலும் வாசகரின் நேரம் அல்லவா?

வெப்பநிலைமானியைப் பற்றி வகுப்பில் ஒன்று சொல்வோம். சிறு கிண்ணத்து வெந்நீரில் அதை வைத்தால், அது நீரிலிருந்து சிறிது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நீர் அதனாலேயே சற்றுக் குளிர்கிறது. அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. சொடுக்கை அளக்கப் போய் வாசகரின் பயணத்தைத் தாமதப்படுத்தியதும் இத்தகையதே.

இதற்குப் பரிகாரமாக 'பீக்கன்' என்ற முறை வகுக்கப்பட்டது. பக்கம் ஒரு சிறு சேதியை உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு மூடிக்கொள்ளலாம்; உலாவி தன் சௌகரியம்போல் பின்னணியில் அதை அனுப்பும். வாசகர் காத்திருக்க வேண்டியதில்லை. 2014-இல் பயர்பாக்ஸ், குரோம் ஆகிய இரண்டு உலாவிகளிலும் இது இடம்பெற்றது. தாமதம் போயிற்று. ஆனால் தாமதத்தோடு, ஏதோ நடக்கிறது என்று வாசகருக்குத் தெரிவித்த கடைசி அடையாளமும் போயிற்று.

வெளிப்படையாகச் செய்தது குற்றமா?

இவ்விடத்தில் ஒரு விசித்திரமான நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சுற்றுவழிகளும் மறைமுகப் படங்களும் பெருகியதைக் கண்ட சிலர், 'எதற்கு இந்த ஒளிவுமறைவு? இணைப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடலாமே' என்று எண்ணினார்கள். இணைப்பின் குறியில் 'பிங்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, சொடுக்கியதும் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று எழுதிவைப்பது இம்முறை. உலாவி அதைப் படித்து, 'இன்னாருக்குத் தகவல் போகும்' என்று வாசகருக்குக் காட்டலாம். வேண்டாமென்றால் வாசகர் அணைத்தும் வைக்கலாம்.

2006 ஜனவரியில் பயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் இது சேர்க்கப்பட்டதும் எதிர்ப்புக் கிளம்பியது. வேவு பார்க்கும் கருவியை உலாவிக்குள்ளேயே வைக்கிறீர்களா என்று பலர் சினந்தார்கள். பயர்பாக்ஸ் பின்னர் இவ்வசதியை அணைத்த நிலையிலேயே வைத்தது.

எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானதே. ஆனால் விளைவைப் பாருங்கள்! பெயர் எழுதி முன்வாசல் வழியே வந்தவனைத் துரத்தினோம். கொல்லைப்புறமாக வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சுற்றுவழிச் சாவடிகள் மூடப்படவில்லை, மதிற்காவலர்கள் குறையவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் கண்டு அஞ்சுவது மனித இயல்பு போலும்.

எண்களுக்குள் ஒரு மனிதர்

'நான் எதைச் சொடுக்கினால் என்ன? இதில் என்ன இரகசியம் இருக்கிறது?' என்று சிலர் கேட்கலாம். 2006 ஆகஸ்டில் நடந்தது அவர்களுக்கு விடை சொல்லும்.

ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆராய்ச்சியாளர்களுக்கு உதவும் நோக்கத்தோடு ஒரு தகவல் தொகுப்பை வெளியிட்டது. சுமார் 6.5 லட்சம் பேர் மூன்று மாதங்களில் செய்த ஏறத்தாழ 2 கோடி தேடல்கள் அதில் இருந்தன. தேடிய சொல், தேடிய நேரம் ஆகியவற்றுடன், விடைப் பட்டியலில் எத்தனையாவது இணைப்பைச் சொடுக்கினார், அது எந்தத் தளத்தினுடையது என்பவையும் இருந்தன. பெயர்கள் இல்லை, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே. எண்ணை வைத்து யாரால் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தார்கள்.

சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் இதழின் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை வரிசையாக வைத்துப் படித்து, அவற்றுக்குப் பின்னாலிருந்த மூதாட்டியின் வீட்டுக் கதவையே தட்டிவிட்டார்கள். அவருடைய ஊர், உறவினர், உடல்நலக் கவலைகள் எல்லாம் அந்த வரிகளில் சிதறிக் கிடந்தன. நிறுவனம் தொகுப்பைத் திரும்பப் பெற்றது. அதற்குள் பலரும் நகலெடுத்துவிட்டார்கள். சிந்திய பாலை அள்ள முடியுமா? நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பதவி விலகினார்.

ஒரு சொடுக்கு ஒன்றும் சொல்லாது. ஆயிரம் சொடுக்குகள் வரிசையாக நின்றால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு புள்ளி படமாகாது. ஆயிரம் புள்ளிகள் சேர்ந்தால் முகம் தெரிந்துவிடும்.

அளவையும் அனுமதியும்

அப்படியானால் சொடுக்கை எண்ணுவதே தவறா? இல்லை. எண்ணுவதால் விளையும் நன்மைகளும் உண்மையே. ஒரு கல்லூரியின் தளத்தில் தேர்வு அட்டவணைக்கான இணைப்பு எங்கோ மூலையில் கிடக்கிறது; யாரும் அதைச் சொடுக்குவதில்லை என்று கணக்கு சொன்னால், அதை முன்னால் கொண்டுவரலாம். மருத்துவத் தகவல் தரும் பக்கத்தில் வாசகர்கள் திரும்பத் திரும்பத் தவறான இணைப்பையே சொடுக்கினால், எழுதியவர் தம் சொற்களைத் திருத்திக்கொள்ளலாம். இவற்றுக்கு, எந்த இணைப்பு எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்ற மொத்தக் கணக்கே போதும். சொடுக்கியவர் யார் என்பது தேவையே இல்லை.

இந்த வேறுபாடுதான் முக்கியம். பாலத்தின்மேல் ஒரு நாளைக்கு எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணுவது ஒன்று. ஒவ்வொரு வண்டியையும் பின்தொடர்ந்து வீடுவரை போவது வேறொன்று. இரண்டுக்கும் நிற்கவைக்கும் காவலன் ஒருவனே. அவனுக்கு இடும் கட்டளையில்தான் வேறுபாடு இருக்கிறது.

சட்டங்களும் மெல்ல விழித்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்பு விதிகள் 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டில் 2023 ஆகஸ்டில் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஒருவரைப் பற்றிய தகவலைத் திரட்டுவோர் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற கருத்து சட்டத்தில் ஏறியிருக்கிறது.

மாணவர்கள் இதை நேரிலேயே சோதித்துப் பார்க்கலாம். கணிப்பொறி உலாவியில் ஓர் இணைப்பின்மேல் சுட்டியைச் சொடுக்காமல் நிறுத்துங்கள். அது போகப்போகும் முகவரி பொதுவாகத் திரையின் கீழ்மூலையில் தெரியும். அது நீங்கள் எதிர்பார்த்த முகவரிதானா, அல்லது இடையில் ஒரு சாவடியா என்று பாருங்கள். அடுத்து, உலாவியின் அமைப்புகளில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். மதிற்காவலன் உறங்கிவிடுவான். அவனோடு சேர்ந்து பக்கத்தின் பல வசதிகளும் உறங்கிவிடுவதைக் காண்பீர்கள். சோதனை முடிந்ததும் மறுபடி இயக்கிவிடுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன நூலகத்துக்குத் திரும்புவோம். நீங்கள் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள். இப்போது புத்தகம் பேசுகிறது. எந்த வரி உங்களை எழுப்பியது என்று எழுதிவைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பைக் கொண்டு அடுத்த பதிப்பைத் திருத்தினால் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அதில் நம் பெயரையும் சேர்த்து எழுதினால், எதற்காக எழுதுகிறாய் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.